ரெஸ்யூம்: வாசகர் கேள்விகள், பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை "ரெஸ்யூமில் இன்னும் என்ன சேர்க்கலாம்?" என்றுதான் கேட்கின்றன. எதைத் தூக்கலாம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஓசூரில் ஆறு வருடமாக விஎம்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் மெஷின்) ஆபரேட்டராக இருக்கிறேன். ஒரே மாதிரி வேலை என்பதால் ரெஸ்யூம் அரைப் பக்கத்தைத் தாண்டவில்லை. எதைப் போட்டு நிரப்புவது?

எழுத நிறைய இருக்கிறது. தினமும் செய்வதால் நீங்கள் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. நீங்கள் அனுப்பிய பிரதியில் "மெஷின் ஆபரேஷன்" என்று ஒரு வரி, அதற்குக் கீழே "கடின உழைப்பாளி, டீம் பிளேயர்". இதை வைத்துக்கொண்டு ஒரு புரொடக்‌ஷன் மேனேஜர் என்ன செய்வார்? அவருக்குத் தெரிய வேண்டியது வேறு. மெஷினின் கன்ட்ரோல் எந்தக் கம்பெனி, ஃபேனக்கா, சீமென்ஸா? பீஸை மாற்றி பட்டனை அழுத்துவதோடு சரியா, செட்டிங்கும் போடுவீர்களா? டூல் தேய்ந்தால் நீங்களே ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) கொடுப்பீர்களா, செட்டரைக் கூப்பிடுவீர்களா? புரோகிராமில் சின்ன எடிட் செய்வீர்களா? மைக்ரோமீட்டர் தவிர போர் கேஜும் (துளையின் உள்ளளவு பார்க்கும் கருவி) பார்க்கத் தெரியுமா?

அதனால் இப்படி எழுதலாம்: "ஃபேனக் கன்ட்ரோல் விஎம்சி, இரண்டு மெஷின். அலுமினிய பம்ப் ஹவுசிங். செட்டிங், ஒர்க் ஆஃப்செட், முதல் பீஸ் இன்ஸ்பெக்‌ஷன் என் பொறுப்பு. போர் டாலரன்ஸ் 20 மைக்ரான்." உங்கள் பீஸ் எதுவோ, அளவு எதுவோ, அதைப் போடுங்கள். ஆபரேட்டர் சம்பளமா, செட்டர் சம்பளமா என்பது பெரும்பாலும் இந்த நாலு வரியில்தான் முடிவாகிறது.

ரிஜெக்‌ஷனை இத்தனை சதவீதம் குறைத்தேன் என்று போடுவதானால், "எப்படிக் குறைத்தீர்கள்?" என்ற அடுத்த கேள்விக்குப் பதில் தயாராக இருக்கட்டும். எங்கோ வீடியோவில் பார்த்துவிட்டு 30 சதவீதம் என்று போடுகிறவர்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள்.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுன்டன்டாக இருந்தேன். குழந்தைக்காக 2019-இல் வேலையை விட்டேன். இந்த இடைவெளியை எப்படி மறைப்பது?

மறைக்காதீர்கள், மேடம். "2019 முதல் குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடலாம். மன்னிப்புக் கேட்கும் தொனியும் வேண்டாம். வேலை கொடுப்பவருடைய சந்தேகம் குழந்தையைப் பற்றி அல்ல, உங்கள் கணக்கு 2019-லேயே நின்றுவிட்டதோ என்பதுதான். அந்தச் சந்தேகத்துக்குக் காரணமும் இருக்கிறது. நீங்கள் கணக்கு மென்பொருளான டேலி ஈஆர்பி 9-இல் வேலை பார்த்திருப்பீர்கள். 2020 கடைசியில் டேலி பிரைம் வந்துவிட்டது. சப்ளையர்கள் தாக்கல் செய்ததை வைத்து மாதாமாதம் வரும் ஜிஎஸ்டி அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-2பி வந்ததும் அதே வருடம்தான். இ-இன்வாய்ஸ் (ஜிஎஸ்டி தளத்தில் பதிவு செய்யும் பில்) கட்டாயம் என்ற வரம்பு 2023 ஆகஸ்ட்டில் ஐந்து கோடி ரூபாய் டர்ன்ஓவர் வரை இறங்கிவிட்டதால் நடுத்தர பனியன் கம்பெனிகளுக்கும் அது அன்றாட வேலை.

தெரிந்த ஆடிட்டர் ஆபீஸில் கொஞ்ச நாள் உட்கார்ந்து பர்ச்சேஸ் பில்லை 2பி-யோடு ஒத்துப் பார்க்கிற வேலையைப் பழகுங்கள். பிறகு அதையே ரெஸ்யூமில் முதலில் போடுங்கள். "டேலி தெரியும்" என்று எழுதுவதைவிட "ஜிஎஸ்டிஆர்-1, 3பி தாக்கல், 2பி ரீகன்சிலியேஷன்" என்று எழுதுவது எடுபடும்.

ஈசிஇ முடித்தேன், சிஜிபிஏ 6.4, அரியர் வைத்து கிளியர் செய்தவன். பக்கத்தை நெடுக இரண்டாகப் பிரித்த கலர் டெம்ப்ளேட்டில் ரெஸ்யூம் செய்திருக்கிறேன். போதுமா?

அந்த டெம்ப்ளேட்டை விட்டுவிடுங்கள், தம்பி. பெரிய கம்பெனிகளில் முதலில் உங்கள் ரெஸ்யூமைப் பார்ப்பது பல நேரம் ஒரு மென்பொருள்தான். பக்கம் இரண்டாகப் பிரிந்திருந்தால் சிலவற்றில் வரிகள் கலந்துபோகும். பிடிஎஃப்பிலிருந்து எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே குழம்பியிருந்தால், அவர்கள் பக்கமும் குழம்ப வாய்ப்பு உண்டு. பைத்தானுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் போட்டிருக்கிறீர்கள். யார் கொடுத்த நட்சத்திரம் அது? அந்த இடத்தில் நீங்கள் செய்த புராஜெக்ட்டில் எந்த சென்சார், என்ன கோளாறு வந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள்.

கிளியரான அரியரை ரெஸ்யூமில் நீங்களாகப் போட வேண்டாம். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். கடைசியில் இருக்கும் "மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்", அப்பா பெயர், மதம் எல்லாம் பழைய பயோடேட்டா வழக்கம். எடுத்துவிடலாம்.

ஒரு கன்சல்டன்சியில் பணம் கட்டினால் இரண்டு வருட அனுபவச் சான்றும் பே ஸ்லிப்பும் தருகிறார்களாம். வாங்கலாமா?

வேண்டாம். பிஎஃப் பிடிக்கும் கம்பெனியில் வேலை பார்த்திருந்தால் எந்த மாதம் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது யூஏஎன் (உங்கள் பிஎஃப் எண்) சர்வீஸ் ஹிஸ்டரியில் இருக்கும். வெரிஃபிகேஷன் செய்பவர்கள் அதைக் கேட்பார்கள்; பார்க்காத வேலைக்கு அங்கே பதிவு இருக்காது. சேர்ந்து பல மாதம் கழித்துக்கூட மாட்டிக்கொண்டு வேலை போனவர்கள் உண்டு.

எலக்ட்ரீஷியன், துபாய் வேலைக்கு அனுப்புகிறேன். போட்டோ, பாஸ்போர்ட் நம்பர் போட வேண்டுமா?

வளைகுடாவுக்குப் போட்டோ, நாடு, விசா நிலை போடுவது வழக்கம்தான். பாஸ்போர்ட் நம்பரும் ஆதார் நம்பரும் வேண்டாம். அந்தக் காகிதம் யார் யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது. பாஸ்போர்ட் எந்த வருடம் வரை செல்லும் என்பது போதும். அங்கத்திய டிரைவிங் லைசென்ஸ் இருந்தால் அதை மேலேயே போடுங்கள். பிரிட்டனுக்கோ அமெரிக்காவுக்கோ அனுப்பினால் போட்டோவும் பிறந்த தேதியும் வேண்டாம்.

நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் ரெஸ்யூமை ஏற்றி ஒரு மாதம் ஆகிறது. ஒரு போன்கூட இல்லை.

ரெக்ரூட்டர்கள் அங்கே சமீபத்தில் புதுப்பித்த ப்ரொஃபைல்களை வடிகட்டித்தான் தேடுவார்கள். அவ்வப்போது உள்ளே போய் ஏதாவது ஒரு வரியையாவது திருத்துங்கள். ஹெட்லைனில் "நல்ல வேலை தேடுகிறேன்" என்று இருக்கிறது. அந்த இடத்தில் உங்கள் வேலையின் பெயர் வர வேண்டும். அப்புறம், நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்று போட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே பேப்பர் போட்டுவிட்டீர்கள் என்றால் கடைசி வேலை நாளைக் குறிப்பிடுங்கள். அவசரமாக ஆள் தேடுகிறவர் முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான்.