தீர்ப்பில்லாத வழக்கு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் ‘ஹெர் ஸ்டோரி’ வீடியோ கேமைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அதை நம்பி வாங்கி விளையாடினேன். நான் துப்பறியும் கதைகளில் ஊறியவன். கொலை என்றால் கொலைகாரன் யார் என்று கடைசியில் தெரியவேண்டும் என்று எதிர்பார்ப்பவன். இதில் ஒரு பழைய போலீஸ் கம்ப்யூட்டர், அதில் ஒரு தேடல் பெட்டி. வார்த்தையைத் தட்டினால் ஒரு பெண் பேசுகிறாள். மறுபடி தட்டினால் மறுபடி பேசுகிறாள். அவள் ஒருத்தியா, இரட்டையரா, அல்லது மனம் பிளந்தவளா என்றுகூடச் சொல்லாமல் முடித்துவிட்டார்கள். இதற்கா இத்தனை விருது? விமர்சகர்கள் கொண்டாடித் தள்ளியிருக்கிறார்கள். ஆனால் விளையாடியவர்கள் எழுதியதைப் படித்தால் ‘இது கேமே இல்லை’ என்று என்னைப்போலக் கடுப்பானவர்களும் இருக்கிறார்கள். சரியான விடை எது என்று நீங்களாவது சொல்லிவிடுங்கள்.

கண்ணன்

*

அன்புள்ள கண்ணன்,

இதை இன்னும் விளையாடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. எல்லா முடிச்சையும் அவிழ்க்கப் போகிறேன்.

‘இது கேமே இல்லை’ என்ற சண்டை 2015இல் அது வெளிவந்தபோதே நடந்து ஓய்ந்தது. சுட வேண்டும், குதிக்க வேண்டும், தோற்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அது கேம் இல்லைதான். இருக்கட்டும். வந்த சில வாரங்களிலேயே ஒரு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது, அதனால் அதை விமர்சகர்கள் மட்டும் தூக்கிப்பிடித்த சரக்கு என்றும் சொல்லமுடியாது.

நீங்கள் தொடாமல் விட்ட ஒரு விஷயத்தில்தான் எனக்கு அக்கறை. அந்தத் தேடல் பெட்டிக்கு ஒரு விதி உண்டு. 1994இல் ஹானா ஸ்மித் என்ற பெண்ணைப் போலீஸ் ஏழு முறை விசாரிக்கிறது. காணாமல் போன அவள் கணவன் சைமனைப் பற்றிய விசாரணை. அந்த ஒளிப்பதிவுகள் 271 துண்டுகளாக வெட்டப்பட்டுக் கிடக்கின்றன. நீங்கள் ஒரு சொல்லைத் தேடினால் அது வரும் துண்டுகளில் முதல் ஐந்தை மட்டும்தான் காட்டும். அந்த ஐந்தும் தேதி வரிசைப்படி வருபவை. இதை யோசித்துப் பாருங்கள். ‘சைமன்’ என்று அடித்தால் முதல் நாட்களின் பேச்சுதான் வரும். அப்போது அவள் நிதானமாக இருக்கிறாள், கவலைப்படும் மனைவியாக இருக்கிறாள். உண்மை கசியும் கடைசி நாட்களுக்குப் போக வேண்டுமென்றால், அவள் அந்த நாட்களில் மட்டும் சொல்லும் ஒரு சொல் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது எங்கிருந்து கிடைக்கும்? அவள் வாயிலிருந்துதான். ஏதோ ஒரு துண்டில் வழக்குக்குச் சம்பந்தமே இல்லாததுபோல ஒரு மருத்துவச்சி, ஒரு விக், கிளாஸ்கோ என்ற ஊர் வந்துபோகும். அதைப் பிடித்துக்கொண்டால் கதவு திறக்கும், காதில் விழாமல் போனால் திறக்காது.

கேள்வி கேட்கும் அதிகாரியின் குரல் பதிவில் இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். பதில்கள் மட்டும்தான். என்ன கேட்டிருப்பார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டும். பொய் கண்டறியும் கருவியோடு நடக்கும் விசாரணையில் அவள் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும்போது இது உச்சத்துக்குப் போகிறது.

இப்படி அமைத்துவிட்டால் எழுத்தாளருக்கு ஒரு பெரிய நஷ்டம். எதை எப்போது அவிழ்ப்பது என்ற அதிகாரம் அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. ஒருவர் பத்தாவது நிமிடத்திலேயே ஒப்புதல் வாக்குமூலத்தில் போய் விழலாம், இன்னொருவர் பாதி ராத்திரி வரை அவளது பால்யத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கலாம். எந்தத் துண்டும் முதலாவதாக வந்தாலும் தாங்க வேண்டும், கடைசியாக வந்தாலும் தாங்க வேண்டும். இதை எழுதி உருவாக்கிய சாம் பார்லோ அதைச் செய்துகாட்டியிருக்கிறார். கடைசியில் திரையில் விடையை அறிவித்திருந்தால் அதுவரை நாம் கேட்டதெல்லாம் பரீட்சைத் தாளாகிவிடும்.

தவிர, அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது துப்பறிவாளர் இல்லையே. விளக்கு மினுங்கும்போது திரையில் ஒரு பெண் முகம் தெரியும். அது சாரா, விசாரிக்கப்பட்ட அந்தப் பெண்ணின் மகள். முடிவில் அரட்டைப் பெட்டியில் கேட்கப்படுவது ‘கொன்றது யார்’ என்பதல்ல, ‘உன் அம்மா ஏன் அப்படிச் செய்தாள் என்று புரிகிறதா’ என்பது. மகளுக்கு நீதிமன்றத் தீர்ப்பை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

இனி, விமர்சகர்களோடு நான் ஒத்துப்போகாத இடம். 2015இன் ‘தி கேம் அவார்ட்ஸ்’ இதற்குச் சிறந்த கதைசொல்லலுக்கான விருதைக் கொடுத்தது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டாவில் மூன்று விருதுகள். அதில் புதுமைக்கான விருது மிகச் சரியானது. ஆனால் கதை? 271 துண்டுகளையும் தேதி வரிசையில் அடுக்கி ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். பிறந்தபோதே இரட்டையரில் ஒன்றைத் திருடி எதிர்வீட்டில் வளர்க்கும் மருத்துவச்சி, வளர்ந்தபின் ஒரே வாழ்க்கையை முறைவைத்து வாழும் சகோதரிகள், விக் மாட்டிக்கொண்டு அக்காவின் கணவனைச் சந்திக்கும் தங்கை ஈவ், அவன் செய்துகொடுத்த கண்ணாடி உடைந்து அதன் சில்லால் அவன் கழுத்து அறுபடுவது. இதையே நாவலாகக் கொடுத்திருந்தால் நாற்பதாம் பக்கத்தில் மூடிவைத்திருப்பேன். போதாக்குறைக்கு எங்கு பார்த்தாலும் பிரதிபலிப்பு. அந்தக் கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியில் கிடக்கும் சின்ன விளையாட்டின் பெயர்கூட ‘மிரர் கேம்’. இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை. நாமே தேடி எடுத்த துண்டு என்பதாலேயே ஒவ்வொன்றும் ஆழமாகத் தோன்றுகிறது. உங்கள் எரிச்சலுக்கு இங்கே நியாயம் இருக்கிறது.

இந்த மெலோடிராமா காலில் நிற்பதற்கு ஒரே காரணம் அந்தப் பெண்ணாக நடித்த விவா சைஃபர்ட். அவர் ஒரு இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அதற்கும் முன்னால், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் பிரிட்டனுக்காக ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸில் ஆடியவர். பார்லோ வேலை செய்து பாதியில் கைவிடப்பட்ட ஒரு பெரிய கேமில் அவரும் இருந்தார், அந்தப் பழக்கத்தில் இதற்கு வந்தார். அவர் பேசும் இடங்களைவிட, நமக்குக் கேட்காத கேள்வியை அவர் காதில் வாங்கிக்கொண்டிருக்கும் இடங்களைப் பாருங்கள். பதில் வருவதற்கு முன்னால் முகத்தில் ஒரு கணக்கு ஓடும். எடுத்த படத்தைப் பழைய விஎச்எஸ் வீடியோ டேப் கருவியில் ஓட்டி மங்கலாக்கியிருக்கிறார்கள். அந்த மங்கலையும் மீறி அது தெரிகிறது. நடிப்புக்காக அவருக்குக் கிடைத்த விருதைப் பற்றி யாரும் முணுமுணுக்க முடியாது.

பார்லோவுக்கு இது முதல் சோதனையும் இல்லை. 2009இல் வந்த ‘சைலன்ட் ஹில்: ஷாட்டர்டு மெமரீஸ்’ கேம் அவர் எழுதி வடிவமைத்தது. அதில் ஒரு மனநல மருத்துவர் நம்மிடம் கேள்வி கேட்பார், நம் பதிலுக்கேற்ப கேமில் வரும் மனிதர்களின் தோற்றமும் நடத்தையும் மாறும். அங்கே இயந்திரம் நம் மனதைப் படிக்க முயன்றது. இங்கே நம்மை ஒரு பெண்ணின் மனதைப் படிக்கவிட்டு அது ஒதுங்கிக்கொள்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடித்தம். பிறகு வந்த ‘டெல்லிங் லைஸ்’ இதே உத்தியை நான்கு பேருக்கு விரித்து, நீளமான பதிவுகளில் முன்னும் பின்னும் ஓட்டவைத்துக் களைப்படையச் செய்தது. உங்களுக்கு அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

சரி, உங்கள் நேரடிக் கேள்வி. என் வாசிப்பில் அவர்கள் இரண்டு பேர். ஈவ் என்று தன்னைச் சொல்பவளின் கையில் பச்சை குத்தியிருப்பது எனக்குப் பெரிய சாட்சி. இரண்டு பேர் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தம் என்றால் அதில் பாசம், பொறாமை, துரோகம் எல்லாம் இருக்கிறது. ஒருத்தியின் நோய் என்று வைத்தால் அத்தனையும் மருத்துவக் குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் எதிர்த்தரப்பினர் சொல்வதையும் என்னால் தள்ளமுடியவில்லை. ஈவ் என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் ஒரே வாய்மொழி அவளுடையதுதான், மொத்தக் கேமிலும் வேறு யாரும் வந்து அதை உறுதிசெய்வதில்லை.

மறுபடி ஒருமுறை முயன்று பார்ப்பதாக இருந்தால் ஒன்று செய்யுங்கள். கொலை, ரத்தம், பிணம், சைமன் ஆகிய சொற்களைத் தொடவே தொடாதீர்கள். அப்பா, அம்மா, பொம்மை, பள்ளி, கதை என்று அவளது சிறுவயதிலிருந்து தொடங்கித் தேடுங்கள்.