ரசாயனக் கழிவு பிரிக்கும் வேலையில் இருக்கிறேன், எஸ்.ஜி.பி.டி. கூடியிருக்கிறது. வேலைதான் காரணமா?

கேட்டவர் பழைய ரசாயன டிரம்களைத் திறந்து தரம் பிரிப்பவர். வருடாந்திர ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதி கூடுதல், ஸ்கேனில் கொழுப்பு ஈரல். குடிப்பழக்கம் இல்லை என்கிறார். மருத்துவர் எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டாராம்.

வேலை காரணமாக இருக்கலாம். ஆனால் அந்த ரிப்போர்ட்டை எத்தனை முறை புரட்டினாலும் அதில் விடை கிடைக்காது. எஸ்.ஜி.பி.டி. ஏறியிருக்கிறது என்றால் ஈரல் செல்கள் அடிபட்டு, உள்ளே இருந்த நொதி ரத்தத்தில் கசிந்திருக்கிறது, அவ்வளவுதான். அடித்தது யார் என்று அந்த எண் சொல்லாது. எடை, சர்க்கரை, வைரஸ், மாத்திரை, மது, சால்வென்ட் (கரைப்பான் திரவம்) எல்லாமே அதே எண்ணைத்தான் தூக்கிவிடும். காரணத்தைப் பிடிக்க வேண்டுமானால், நீங்கள் எதைத் தொடுகிறீர்கள், எதைச் சுவாசிக்கிறீர்கள் என்ற விவரம் வேண்டும். அது மருத்துவரிடம் கிடையாது, உங்களிடம்தான் இருக்கிறது.

நான் மருத்துவன் இல்லை. ஆபத்தான கழிவுகளைக் கையாளும் இடங்களில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவருக்குத் தன் எதிரே இருக்கும் நாலைந்து ரசாயனங்களின் பெயராவது தெரியும். கழிவு வேலையில் அந்த வசதி இல்லை. டிரம்மின் மேல் ஒட்டியிருப்பது அதில் முதலில் வந்த சரக்கின் லேபிள். உள்ளே இருப்பது அப்புறம் யாரோ ஊற்றியது. 'கழிவுத் தின்னர்' என்று ஒரே பெயரில் வந்து இறங்கும் டிரம்களில் பெயிண்ட் கடையின் சாதாரணத் தின்னரும் இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் குளோரின் சால்வென்ட்டும் இருக்கும். ஈரலைப் பொறுத்தவரை இரண்டுக்கும் நிறைய வித்தியாசம். டொலுயீன், சைலீன் கலந்த தின்னர் முதலில் தலையைச் சுற்ற வைக்கும். அதன் தாக்குதல் பெரும்பாலும் நரம்பு மண்டலத்தின் மேல். கார்பன் டெட்ராகுளோரைடு, டிரைகுளோரோஎத்திலீன், டைமெத்தில் ஃபார்மமைடு போன்றவை நேரே ஈரலுக்குப் போகிறவை. வாடையை வைத்து ஆபத்தை அளக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூக்கைத் துளைக்கிற சரக்கைவிட லேசாக இனிப்பு வாடை அடிக்கிற சரக்கு மோசமானதாக இருக்கலாம்.

டைமெத்தில் ஃபார்மமைடைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செயற்கைத் தோல், பாலியூரிதேன் பூச்சு, மருந்துத் தயாரிப்பு எனப் பல இடங்களிலிருந்து இது கழிவாக வரும். பெரிய வாடை கிடையாது, தோல் வழியாகவே உள்ளே போய்விடும். மாஸ்க் போட்டுக்கொண்டு கையை அதில் நனைத்தால் பாதுகாப்பு பாதிகூட இல்லை. இதில் வேலை செய்கிறவர்கள் கொஞ்சம் மது குடித்தாலும் முகமும் கழுத்தும் குபீரென்று சிவந்து, நெஞ்சு படபடக்கும். வேலையை விட்டுச் சில நாள் ஆன பிறகுகூட இது நடப்பதுண்டு. டிரைகுளோரோஎத்திலீனுக்கும் இப்படி ஒரு சிவப்பு உண்டு. உடன் வேலை செய்பவர்களில் யாருக்காவது இப்படி ஆகிறதா என்று கேட்டுப் பாருங்கள், பல சமயம் லேபிளைவிட அது நல்ல தகவல்.

மது என்றதும் ஒரு ஆதங்கம். கழிவுத் தொழிலாளிக்கு ஈரல் எண் கூடினால் 'குடிக்கிறான்' என்று முடித்துவிடுகிறார்கள். குடிப்பவராகவே இருந்தாலும் விஷயம் அங்கே முடிவதில்லை. கார்பன் டெட்ராகுளோரைடு உள்ளே போனதுமே ஈரலை அழிப்பதில்லை. ஈரலில் இருக்கும் சி.ஒய்.பி.2.இ.1 என்ற நொதி அதை உடைக்கும்போது பிறக்கும் துணுக்குதான் செல்லைக் கிழிக்கிறது. தொடர்ந்து குடிப்பவருக்கு அதே நொதி கூடுதலாகச் சுரக்கும். அதனால் அதே அளவு ஆவியைச் சுவாசித்தாலும் அவருக்கு அடி பலமாக விழும். 'மதுவா, வேலையா' என்ற கேள்வியே பல நேரம் தப்பு, இரண்டும் கைகோத்து வேலை செய்யும்.

சரி, எண்கள் நார்மலாக வந்துவிட்டால் நிம்மதியா? அதுவும் இல்லை. 1974-ல் அமெரிக்காவின் லூயிவில் நகரத்து பி.வி.சி. ஆலையில், அந்தப் பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான வினைல் குளோரைடு வாயுவில் வேலை செய்தவர்களுக்கு ஈரலில் மிக அபூர்வமான ரத்தக்குழாய்ப் புற்றுநோய் வருவது தெரிந்தது. உலைத்தொட்டிக்குள் இறங்கிச் சுரண்டிச் சுத்தம் செய்தவர்கள்தான் அந்த வாயுவை அதிகம் சுவாசித்தவர்கள். பின்னாளில், 2010-ல் வெளிவந்த ஆய்வில், வினைல் குளோரைடில் வேலை செய்த, பருமனும் இல்லாத, குடிப்பழக்கமும் இல்லாத தொழிலாளர்களின் ஈரல் திசுவை எடுத்துப் பார்த்தபோது கொழுப்பும் அழற்சியும் இருந்தன. ரத்தத்தில் நொதி அளவு பெரும்பாலும் சாதாரணமாகவே இருந்தது. (பழைய பி.வி.சி. குழாய்களைப் பிரிப்பவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். வினைல் குளோரைடு வாயு வேறு, கெட்டியாகிவிட்ட பிளாஸ்டிக் வேறு. ஆனால் அந்தக் குழாயையோ வயரையோ எரித்தால் டையாக்சின் என்ற நச்சு கிளம்பும், அது வேறு பிரச்சினை.)

ஜப்பானின் ஓசாகாவில் நடந்ததும் இந்த வகைதான். ஒரு அச்சகத்தில் இளவயதுத் தொழிலாளர்கள் பலருக்குப் பித்தநாளப் புற்றுநோய் வந்திருப்பது 2012-ல் வெளியே தெரிந்தது. மையைத் துடைக்க அவர்கள் பயன்படுத்திய 1,2-டைகுளோரோபுரோபேன், காற்றோட்டமில்லாத அறையில் வருடக்கணக்காக அவர்களுடைய மூச்சில் கலந்திருக்கிறது. 2014-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. துடைக்கிற திரவம்தானே என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்திருக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கொழுப்பு ஈரல் இன்று சர்வசாதாரணம், ரசாயனத்தைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கும் இருக்கிறது. உங்கள் மருத்துவர் சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. அவரிடம் பாதித் தகவல்தான் போயிருக்கிறது. நோயாளியிடம் 'உன் தொழில் என்ன?' என்று கேட்க வேண்டும் என இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-லேயே எழுதிவிட்டார். இன்னும் கேட்பவர்கள் குறைவு, ஆகவே நீங்களே சொல்லிவிடுங்கள்.

எதைக் கொண்டுபோவது? ஒரு நோட்டில் தேதி போட்டு, அன்று திறந்த டிரம்களின் பெயர், எங்கிருந்து வந்தது, தோலில் பட்டதா, தலைவலி, குமட்டல் இருந்ததா என்று எழுதுங்கள். லேபிளை போட்டோ எடுங்கள். எம்.எஸ்.டி.எஸ். தாளை (ரசாயனத்தின் பாதுகாப்பு விவரத் தாள்) கேட்டு வாங்கினால் 8-ம் பகுதியையும் 11-ம் பகுதியையும் மட்டுமாவது படியுங்கள்: எந்தக் கையுறை, எந்த மாஸ்க், எந்த உறுப்பைத் தாக்கும் என்பது அங்கே இருக்கும். ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் பரிசோதனை செய்யுங்கள், கழிவில் ஊசிக்குத்து வாங்கும் வேலை இது. பி-க்குத் தடுப்பூசியும் இருக்கிறது. மறுபரிசோதனைக்கு முந்தைய ஒரு வாரமாவது டிரம் தூக்கும் வேலை வேண்டாம். கடும் உடலுழைப்பில் தசையிலிருந்தே எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு நொதியும் ஓரளவு எஸ்.ஜி.பி.டி.யும் ஏறும். சந்தேகம் இருந்தால் தசை அடிபட்டதைக் காட்டும் சி.பி.கே.யும் சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம்.

எனக்கு அதிகம் உதவியாகத் தெரிந்த சோதனை, சால்வென்ட் பக்கமே போகாமல் சில வாரம் வேறு வேலையில் இருந்துவிட்டு, அதே லேபில் மறுபடி ரத்தம் கொடுப்பது. எண் இறங்கி, திரும்பிப் போனதும் ஏறினால், வேலையின் மேல் சந்தேகம் நன்றாகவே வலுக்கும். டைமெத்தில் ஃபார்மமைடு, டிரைகுளோரோஎத்திலீன் போன்றவற்றுக்குச் சிறுநீரிலேயே அவற்றின் தடயத்தை அளக்கலாம். ஆனால் அந்தச் சிறுநீரை எப்போது எடுக்க வேண்டும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும், பெரும்பாலும் ஷிப்ட் முடியும்போது. விடுமுறை கழித்துத் திங்கள் காலையில் கொடுத்தால் சில பொருள்களின் தடயம் மறைந்தே போயிருக்கும்.

கையுறை விஷயம் கடைசியாக, ஆனால் நான் தினமும் சண்டை போடுவது இதற்குத்தான். எல்லோரும் போடும் நீலநிற நைட்ரைல் கையுறையின் விரல்நுனி டைகுளோரோமீத்தேன் என்ற குளோரின் சால்வென்ட்டில் பட்டால் என்ன ஆகும் தெரியுமா? சில நிமிடத்திலேயே ஊதி, சுருங்கி, கொழகொழவென்று ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியும் முன்பே திரவம் உள்ளே போய்விட்டிருக்கும். டைமெத்தில் ஃபார்மமைடுக்கு பியூட்டைல் ரப்பர் வேண்டும், குளோரின் சால்வென்ட்டுகளுக்குப் பல அடுக்கு லேமினேட் கையுறை. என்95 தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி கார்ட்ரிட்ஜ் போட்ட மாஸ்க், டைகுளோரோமீத்தேனுக்கு அதுவும் போதாது, வெளியிலிருந்து காற்று வரும் குழாய் மாஸ்க்தான். ஷிப்ட் முடிந்ததும் தின்னரில் கை கழுவும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். சோப்புக்குப் போகாத கறை இரண்டு நாளில் தானே போகும்.

தலைவலிக்குப் பாரசிட்டமாலைக் கைநிறைய விழுங்காதீர்கள், அதுவும் அளவு மீறினால் ஈரலையே தாக்கும். சிறுநீர் கறுத்து, கண் மஞ்சளானால், அல்லது புதிய சால்வென்ட்டில் இறங்கிய சில வாரத்துக்குள் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு வந்தால் அடுத்த நாள் வரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், நோட்டையும் எடுத்துக்கொண்டு.