உடம்பு சரியில்லாமல் பதவி உயர்வுத் தேர்வு எழுத முடியவில்லை. மறுபடி கேட்க உரிமை உண்டா?

குன்னூரில் வேலை பார்க்கும் ரயில்வே ஊழியர் ஒருவர் கேட்டிருக்கிறார். பதவி உயர்வுக்கான எழுத்துத் தேர்வு சேலத்தில் நடந்த அன்று, நிமோனியாவில் படுத்த படுக்கையாக இருந்தாராம். “ஆப்சென்ட் போட்டாச்சு, இனி அடுத்த நோட்டிபிகேஷன்தான்” என்கிறார்களாம் கூட இருப்பவர்கள்.

அப்படியெல்லாம் இல்லை. ஓய்வு பெறும்வரை பணியாளர் பிரிவில் ஃபைல் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், இதற்கு விதியே இருக்கிறது. ரயில்வே ஊழியர்களின் பணி விதிப் புத்தகமான ரயில்வே எஸ்டாப்ளிஷ்மென்ட் மேனுவலில் சப்ளிமென்டரி செலக்‌ஷன் பற்றிய பாரா 223-ஐப் பாருங்கள். தேர்வுத் தகவல் தாமதமாக வந்தவர், டூட்டியிலிருந்து விடுவிக்கப்படாதவர், நோயில் விழுந்தவர் என்று, தன் கையில் இல்லாத காரணத்தால் வர முடியாமல் போனவர்களுக்கு இன்னொரு தேர்வு வைக்க அது இடம் கொடுக்கிறது. கல்யாணத்துக்குப் போயிருந்தேன் என்பது செல்லாது என்றுகூட அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். யாரோ கேட்டுப் பார்த்திருக்கிறார்கள் போல!

ஆனால் ஃபைலில் நோயின் கடுமை பேசாது, தேதிதான் பேசும். விதி கேட்பது ரயில்வே மருத்துவரின் சான்று. மலையில் இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஐப்பசி மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் ரோடும் கிடையாது, மலை ரயிலும் கிடையாது. பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு, “சார், உடம்பு முடியல” என்று மேலதிகாரிக்கு வாட்ஸ்அப் அனுப்பிவிட்டுப் படுத்துவிடுகிறோம். பிறகு ஃபைலைத் திறந்தால் அதில் ஒரு தாளும் இருக்காது.

நீங்கள் தனியார் மருத்துவரிடம் காட்டியிருந்தால் அந்தச் சீட்டு, எக்ஸ்ரே, மருந்துக்கடை பில் எல்லாவற்றையும் ரயில்வே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வேலைக்குத் திரும்பலாம் என்று தரும் ஃபிட் சர்டிபிகேட் வாங்கும்போது, நோயாக இருந்த காலத்துக்குள் தேர்வு நாளும் அடங்குகிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். ஒரு நாள் தள்ளி எழுதியிருந்தாலும் கேஸ் போச்சு. அப்புறம் ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் மனு எழுதி, உங்கள் மேலதிகாரி வழியாகக் கோட்ட அலுவலகத்துக்கு அனுப்புங்கள். உங்கள் நகலில், மனு கிடைத்தது என்பதற்கான இன்வார்டு சீலும் எண்ணும் வாங்காமல் அந்த மேஜையை விட்டு நகராதீர்கள். தேர்வானவர்களின் பட்டியலான பேனல் வெளியாவதற்கு முன்பே மனு போய்ச் சேர்ந்துவிட வேண்டும். வெளியான பிறகு கேட்டால் அந்தப் பட்டியலுக்குள் வந்தவர்களும் உங்களுக்கு எதிர்க்கட்சி ஆகிவிடுவார்கள்.

பதவி உயர்வே அடிப்படை உரிமை இல்லை. தகுதி உள்ளவரைப் பதவி உயர்வுக்குப் பரிசீலிக்க வேண்டும் என்பதுதான் உரிமை. அரசியலமைப்பின் 16-வது பிரிவை வைத்து 1999-ல் அஜித் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான். அதனால் மனுவில் “பதவி கொடுங்கள்” என்று கேட்காதீர்கள், “தேர்வு எழுத வாய்ப்பு கொடுங்கள்” என்று கேளுங்கள்.

தேர்வே இல்லாமல் சீனியாரிட்டியும் ஆண்டு மதிப்பீட்டுக் குறிப்பும் (முன்பு ரகசியக் குறிப்பு என்பார்கள்) பார்த்துப் பதவி உயர்வு தரும் மத்திய அரசுப் பணிகளில் இந்தச் சிக்கல் குறைவு. நீண்ட மருத்துவ விடுப்பால் ஒரு வருடக் குறிப்பு இல்லையென்றால் அதற்கு முந்தைய வருடங்களுடையதைப் பார்க்க வேண்டும் என்று 1989 முதலே வழிகாட்டுதல் இருக்கிறது.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், யூனியனிலும் சொல்லி வையுங்கள். அதன் பிறகு, மத்திய அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரிக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. இறுதி உத்தரவு வந்த நாளிலிருந்து ஒரு வருடம் கெடு. மனுவுக்குப் பதிலே வராவிட்டால் ஆறு மாதம் பார்த்துவிட்டு, அதற்கடுத்த ஒரு வருடத்துக்குள் போகலாம்.