மீட்டிங்கில் எல்லாரும் ‘சரிங்க’ என்கிறார்கள், பிரச்சினை மட்டும் கடைசி நாளில் வருகிறது

கேள்வி: திருப்பூரில் அப்பா நடத்தும் பனியன் கம்பெனியில் உற்பத்தியை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். தினமும் காலையில் மீட்டிங் வைக்கிறேன். எது கேட்டாலும் ‘சரிங்க, முடிச்சிடலாங்க’ என்கிறார்கள். ஆனால் ஷிப்மென்ட் நெருங்கும்போதுதான் குண்டைப் போடுகிறார்கள். போன ஆர்டரில் துணி சரியாக ரிலாக்ஸ் ஆகாமலே (இழுவை தணிய விரித்துப் போட்டு விடாமலே) வெட்டிவிட்டோம். துவைத்துப் பார்த்தால் நீளம் குறைகிறது. ஒரு பகுதியைத் திரும்பத் தைத்து, கைக்காசு போட்டு விமானத்தில் அனுப்பினோம். கட்டிங் மாஸ்டருக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. ‘இன்னும் ஒரு நாள் விட்டு வெட்டலாங்களா தம்பி?’ என்று மட்டும் கேட்டார். டேட் இல்லை, வெட்டுங்கள் என்றேன். பிரச்சினை இருக்கிறது என்று அவர் சொல்லவே இல்லை. முன்பு ஒருமுறை செக்கிங் இன்சார்ஜ் நேராகச் சொன்னதற்கு அப்பா எல்லார் முன்னாலும் சத்தம் போட்டது உண்மைதான், ஆனால் அது பழைய கதை. யோசனைப் பெட்டிகூட வைத்துப் பார்த்துவிட்டேன். இவர்களை வாய் திறக்க வைப்பது எப்படி?

பதில்: மாஸ்டர் சொல்லவில்லை என்கிறீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்தால், அவர் சொல்லியிருக்கிறார். தன்னைவிட வயதில் சின்னவரான, ஆனால் சம்பளம் கொடுக்கும் இடத்தில் இருக்கும் ஒருவரிடம் ஒரு மாஸ்டர் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு சொன்னார். ‘ஒரு நாள் விட்டு வெட்டலாங்களா?’ என்று அவர் கேட்டதுதான் அந்த எச்சரிக்கை. நீங்கள் அதற்கு டேட்டைப் பதிலாகச் சொன்னீர்கள். ‘ஏன் மாஸ்டர்?’ என்று மட்டும் கேட்டிருந்தால் துணியைத் தொட்டுக் காட்டியிருப்பார்.

கீழே இருப்பவர் கேள்வியாகக் கேட்பதும், மேலே இருப்பவர் அதைத் தாண்டிப் போவதும் உங்கள் கம்பெனியில் மட்டும் நடப்பதல்ல. விமானப் போக்குவரத்து வரலாற்றில் அதிக உயிர்களைக் குடித்த விபத்து இப்படித்தான் நடந்தது. 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளில் டெனரீஃப் விமான நிலையம். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்களை இங்கே திருப்பிவிட்டிருந்தார்கள். மூடுபனி. ஓடுபாதையின் ஒரு முனையில் கேஎல்எம் நிறுவனத்தின் போயிங் 747 கிளம்பத் தயாராக நிற்கிறது. அதே ஓடுபாதையில், பனிக்குள் கண்ணுக்குத் தெரியாமல், பான் ஆம் நிறுவனத்தின் 747 ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது.

கேஎல்எம் கேப்டன் சாதாரண ஆள் இல்லை. அந்த நிறுவனத்தில் 747 விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்களில் தலைமையானவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை விமானிக்கு 747 ஓட்டத் தகுதிச் சோதனை நடத்தியதும் அவரே. அவருக்கும் உங்களைப் போலவே டேட் பிரச்சினைதான். பணி நேர வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது, தாண்டினால் பயணிகளோடு அந்தத் தீவிலேயே இரவு தங்க வேண்டும். அவசரத்தில் இன்ஜின் வேகத்தைக் கூட்டினார். இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி சொன்னார். ‘தெரியும், கேளுங்கள்’ என்று நிறுத்தினார் கேப்டன். வழித்தடத்துக்கான அனுமதி வந்தது, கிளம்புவதற்கான அனுமதி வரவில்லை. ஆனாலும் விமானம் ஓடத் தொடங்கியது. ஒருமுறை தடுத்த துணை விமானி இரண்டாம் முறை தடுக்கவில்லை. பின்னால் இருந்த ஃப்ளைட் இன்ஜினியர் மட்டும் கேட்டார்: அந்த பான் ஆம் இன்னும் பாதையை விட்டுப் போகவில்லையா? போய்விட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். இன்ஜினியர் அதற்குமேல் பேசவில்லை. அடுத்த சில விநாடிகளில் இரண்டும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

அந்த இன்ஜினியருக்குப் போகவிருந்தது சொந்த உயிர். அப்படிப்பட்ட இடத்திலேயே மனிதன் கேள்வியாகத்தான் கேட்கிறான், அழுத்தமான பதில் வந்தால் அடங்கிவிடுகிறான். துணி நீளம் குறைவதற்காக மாஸ்டர் உங்களோடு மல்லுக்கு நிற்பார் என்று எதிர்பார்ப்பதில் என்ன நியாயம்?

டெனரீஃபும் அதே காலத்தில் நடந்த வேறு சில விபத்துகளும் விமானத் துறையை யோசிக்க வைத்தன. 1979இல் நாசா ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் விமானிகளுக்கு இதற்கென்றே பயிற்சி தொடங்கியது. இன்று உலகம் முழுக்க அந்தப் பயிற்சி இருக்கிறது. கீழே இருப்பவர்களுக்கு அதில் தெளிவாகச் சொல்லக் கற்றுக்கொடுக்கிறார்கள், சரி. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு பாதி. அரைகுறையாக வரும் எச்சரிக்கையையும் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள கேப்டன்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். நீங்கள் முதல் பாதியை மட்டும் கேட்கிறீர்கள். தொடங்க வேண்டியது இரண்டாம் பாதியில்.

நடைமுறையில் இது என்ன? உங்கள் மாஸ்டர் ‘பாக்கலாங்க’ என்றால், லைன் சூப்பர்வைசர் ‘முயற்சி பண்றோங்க’ என்றால், யாராவது ஒரு விநாடி தயங்கிவிட்டு ‘ஆகட்டுங்க’ என்றால், அங்கேயே நில்லுங்கள். அந்த மூன்றையும் சம்மதமாகக் கணக்கில் எடுக்காதீர்கள். ‘எது இடிக்குதுங்க மாஸ்டர்?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே பேசி நிரப்பிவிடுவதால்தான் பாதி விஷயம் வெளியே வருவதில்லை.

‘பிரச்சினை ஏதும் இருக்கா?’ என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அதற்கு ‘இல்லீங்க’ என்ற ஒரே பதில்தான் உண்டு. ‘இந்த ஆர்டர் லேட்டானா எதனால லேட்டாகும்?’ என்று கேட்டால், பதில் சொல்பவர் குறை சொல்பவராக ஆவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்பவராகவே இருக்கிறார். கேரி கிளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் இதையே ஒரு முறையாக்கினார். வேலை தொடங்கும் முன்பே, இது தோற்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஆளாளுக்கு எழுதச் சொல்வது. புது ஆர்டர் உறுதியாகும் நாளில், ஆர்டர் கொடுப்பவரோடு பேசிப் பின்தொடரும் மெர்ச்சண்டைசர், கட்டிங் மாஸ்டர், லைன் சூப்பர்வைசர், செக்கிங், பேக்கிங் என்று எல்லாரையும் உட்காரவைத்து இதைச் செய்யுங்கள். எழுதத் தயங்குபவர்கள் வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். வரிசை மட்டும் முக்கியம். வயதிலும் பதவியிலும் இளையவர் முதலில், நீங்கள் கடைசியில். நீங்கள் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் சொல்வது உங்கள் கருத்துக்கு உரை எழுதுவதாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் பேச்சு. இனி காசு.

ஆல்டரேஷன், அதாவது திரும்பத் தைக்கும் வேலை, வந்தால் உங்கள் கம்பெனியில் யார் தலையில் விழுகிறது? தவறு வெளியே தெரிந்தால் பீஸ் ரேட்டில் தைக்கும் லைனுக்குக் கூலி பிடிப்பீர்களா? செக்கிங்கில் நிறைய பீஸ் ரிஜெக்ட் ஆனால் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு விசாரிப்பீர்களா? சாயப்பட்டறை துணியில் ஷேடு வித்தியாசம் என்று மெர்ச்சண்டைசர் சொன்னால், பட்டறைக்காரரோடு நடக்கும் சண்டையையும் அவரே சமாளிக்க வேண்டுமா? இதில் எதற்காவது பதில் ‘ஆமாம்’ என்றால், உங்கள் ஆட்கள் பயந்து மறைக்கவில்லை, கணக்குப் போட்டு மறைக்கிறார்கள். அந்தக் கணக்கு சரியானதும்கூட. சொன்னால் இன்றைக்கே நிச்சயமாக நட்டம். சொல்லாவிட்டால் ஒருவேளை தப்பிக்கலாம். யோசனைப் பெட்டி இந்தக் கணக்கை மாற்றாது. (யோசனைப் பெட்டியில் கேன்டீன் டீ பற்றிய குறையைத் தவிர உருப்படியாக ஏதாவது வந்ததா என்று நேர்மையாகச் சொல்லுங்கள்.) முன்கூட்டியே சொன்ன குறைக்குக் கூலிப் பிடித்தம் இல்லை, கடைசியில் கண்டுபிடிக்கப்பட்ட குறைக்கு மட்டும் விசாரணை என்று மாற்றிப் பாருங்கள். கைக்காசு கொஞ்சம் போகும். போன ஆர்டரை விமானத்தில் அனுப்பிய பில்லை எடுத்து அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு நல்ல முன்மாதிரி உங்கள் தொழிலிலிருந்தே கிளம்பியது. டொயோட்டா கார் கம்பெனியின் பூர்வீகம் தறி. சகிச்சி டொயோடா 1924இல் உருவாக்கிய தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். குறையோடு ஒரு முழம்கூட ஓடாது. உங்கள் நிட்டிங் மிஷினும் நூல் அறுந்தால் விளக்கைப் போட்டுவிட்டு நிற்கிறதே, அதே ஏற்பாடு. பிறகு கார் தயாரிக்கும்போது இதையே மனிதர்களுக்கும் கொண்டுவந்தார்கள். லைனில் நிற்கும் தொழிலாளி குறை கண்டால் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம். இழுத்தவுடன் லைன் நிற்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. முதலில் விளக்கு எரியும், ஒலி கேட்கும், டீம் லீடர் ஓடிவருவார். அந்தக் கட்டத்து வேலை முடிவதற்குள் இரண்டு பேருமாகச் சரிசெய்தால் லைன் பாட்டுக்கு ஓடும். முடியாவிட்டால்தான் நிற்கும்.

ஆக, அங்கே கயிறு இழுப்பதற்குத் தைரியம் தேவைப்படுவதில்லை, அது வேலையில் ஒரு பகுதி. இழுத்தவரிடம் ‘ஏன் இழுத்தாய்’ என்று யாரும் கேட்பதில்லை, உதவிக்கு ஆள் வருகிறது. உங்களுக்குக் கயிறு வேண்டாம். கட்டிங்குக்கு ஒரு விதி போதும்: துணி சரியாக இல்லை என்று பட்டால் மாஸ்டர் யாரையும் கேட்காமல் அந்த லாட்டை நிறுத்தலாம், நிறுத்திய அரை மணி நேரத்துக்குள் நீங்கள் டேபிளுக்குப் போக வேண்டும். அவர் நிறுத்தியது தேவையில்லை என்று தெரிந்தாலும் முகம் சுளிக்கக் கூடாது. ‘சரிங்க மாஸ்டர், பாத்துட்டோம், வெட்டலாம்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

உங்கள் கம்பெனியின் தலையெழுத்து முடிவாவது அந்த இடத்தில்தான். முதல் ஆள் முதல் கெட்ட செய்தியோடு வரும்போது உங்கள் முகம் எப்படிப் போகிறது என்பதை மற்ற எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ‘இதை ஏன் நேத்தே சொல்லலை?’ என்பது நியாயமான கேள்விதான், ஆனால் அன்றைக்குக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால், இன்று சொன்னவருக்குத் தண்டனை, நாளையும் சொல்லாதவருக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். ‘நல்லவேளை சொன்னீங்க. இப்ப என்ன பண்ணலாம்?’ என்பதோடு முதல் நிமிடத்தை முடித்துக்கொள்ளுங்கள். செக்கிங் இன்சார்ஜ் கதை பழைய கதை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பழையது. புதிதாகச் சேரும் செக்கருக்கு அதை முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். இதையெல்லாம் தொடங்கினால், தொடக்கத்தில் பிரச்சினைகள் கூடியதுபோலத் தெரியும். ஹார்வர்டில் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்படும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்துப் போனவருக்குக் கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறு அதிகம் நடந்தது என்பதல்ல, அங்கேதான் தவறை வெளியே சொன்னார்கள். அதனால் முதல் மாதம் ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட் வீங்கினால் பதறாதீர்கள். பார்க்க வேண்டிய கணக்கு வேறு. குறை எந்தக் கட்டத்தில் பிடிபடுகிறது என்று பாருங்கள். பேக்கிங்கில் பிடிபட்டது தையலிலும், தையலில் பிடிபட்டது கட்டிங்கிலும் பிடிபடத் தொடங்கினால் சரியான பாதையில் போகிறீர்கள்.

எல்லாரும் சொல்வதைக் கேட்டால் முடிவெடுக்கும் அதிகாரம் கையைவிட்டுப் போகுமோ என்ற கவலையும் உங்களுக்கு வரலாம். போகாது. ஒரு நாள் தள்ளலாமா என்று மாஸ்டர் சொல்லட்டும். ஆர்டர் கொடுத்த பையரிடம் டேட் கேட்பதா, அப்படியே வெட்டுவதா என்பது உங்கள் முடிவு. கேட்டுவிட்டு வேண்டாம் என்றும் சொல்லலாம், காரணத்தைச் சொன்னால் போதும். காரணம் சொல்லாமல் தள்ளினால் அடுத்த முறை கேட்கமாட்டார்.

மிச்சம் இருப்பது அப்பா. உளவியல் பாடமெல்லாம் அவரிடம் எடுபடாது, கணக்கு எடுபடும். மாஸ்டர் கேட்டது ஒரு நாள், கொடுக்காததால் ஆன செலவு இவ்வளவு என்று ஒரே தாளில் எழுதிக் காட்டுங்கள். ஒரே ஒரு உதவி கேளுங்கள்: திட்ட வேண்டியவரைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டட்டும், மீட்டிங்கில் வேண்டாம். அந்த செக்கிங் இன்சார்ஜ் இன்னும் கம்பெனியில் இருந்தால், அன்றைக்கு நீ சொன்னது சரிதான் என்று அப்பாவே ஒரு வார்த்தை சொன்னால் நீங்கள் வைக்கும் பத்து மீட்டிங்கைவிட அது அதிக வேலை செய்யும். அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வருத்தப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். மீட்டிங்குக்கு முன்னால் நீங்களே கட்டிங் டேபிளுக்குப் போய்விடுங்கள். துணி விரித்துக்கொண்டிருக்கும்போது மாஸ்டர் உங்களிடம் பேசுவதும், ஆபீஸ் அறையில் அப்பாவுக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து பேசுவதும் ஒன்றல்ல. அங்கே கேட்டதை வைத்துக்கொண்டு மீட்டிங்கில் நீங்களே அதை எடுங்கள், மாஸ்டர் பெயர் இல்லாமல்.