300 டிபிஐ கேட்கிறார்களே! ஆர் வரைபடங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் வரைந்த படத்துக்கு ஆய்விதழ் 300 டிபிஐ கேட்கிறது. படத்தைக் கோப்பாக்கும் பிஎன்ஜி கட்டளையில், டிபிஐயைச் சொல்லும் ரெஸ் 300 என்று மட்டும் போட்டேன். ஓரங்கள் பெரிதாக இருப்பதாகப் பிழை வருகிறது.

பதில்: டிபிஐ என்பது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. அளவு எதுவும் சொல்லாவிட்டால் அந்தக் கட்டளை 480க்கு 480 பிக்சலில் வரையும். 480ஐ 300ஆல் வகுத்தால் 1.6 அங்குலம். அந்தத் தபால்தலைக்குள் அச்சும் தலைப்பும் ஓரமும் எப்படி அடங்கும்? முதலில் அகலத்தை முடிவு செய்யுங்கள். நேச்சர் இதழில் ஒற்றைப் பத்தி 89 மில்லிமீட்டர், இரட்டை 183. அகலம், உயரத்தை மில்லிமீட்டரில் கொடுத்து ரெஸ் 300 சேர்த்தால் பிக்சல் கணக்கை ஆர் பார்த்துக்கொள்ளும். பெரிதாக வரைந்து அப்புறம் பாதியாகச் சுருக்கினால் 11 பாயின்ட் எழுத்து ஐந்தரை ஆகிவிடும். திரையைப் படம் பிடித்து மட்டும் ஒட்டாதீர்கள்.

கேள்வி: ஆர் எழுதும் செயலியான ஆர்ஸ்டூடியோவில் அழகாக இருந்த படம், ஜிஜிசேவ் கட்டளையால் சேமித்ததும் ஒவ்வொரு முறையும் வேறு அளவில் வருகிறதே?

பதில்: அளவு தராவிட்டால் அது அப்போதைய வரைபடச் சன்னலின் அளவை எடுத்துக்கொள்ளும். சன்னலை இழுத்தால் படமும் மாறும். அளவைக் கட்டளையிலேயே எழுதுங்கள்.

கேள்வி: 72 டிபிஐ படத்தை ஃபோட்டோஷாப்பில் 300 ஆக்கலாமா?

பதில்: இல்லாத விவரம் எங்கிருந்து வரும்? ஆரிலேயே திரும்ப வரையுங்கள்.

கேள்வி: டிபிஐ பேச்சே எதற்கு? எல்லாவற்றையும் பிடிஎஃப்பாகக் கொடுத்தால் முடிந்ததே!

பதில்: கோட்டுப்படம், பட்டைப்படம் என்றால் சரி. அவை பிக்சலாக இல்லாமல் கோடு, வடிவங்களாகச் சேமிக்கப்படும் வெக்டர் படங்கள்; எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. ஆனால் 2 லட்சம் புள்ளிகள் உள்ள சிதறல் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் தனிப் பொருளாகக் கோப்பில் உட்காரும். திறக்கவே திணறும். ஆரின் ஜிஜிராஸ்டர் (ggrastr) தொகுப்பால் புள்ளிகளை மட்டும் பிக்சலாக்கி, அச்சையும் எழுத்தையும் வெக்டராக விடலாம்.

அவரே மீண்டும்: 2 லட்சம் புள்ளியை ஏன் வரைய வேண்டும்? ஒன்றன்மேல் ஒன்று குவிந்து கறுப்புத் திட்டுதான் தெரியும். அறுகோணங்களாகப் பிரித்து எண்ணிக்கைக்கு நிறம் கொடுத்தால் கோப்பும் சிறுக்குமே.

பதில்: இதில் நான் தோற்றேன். அடர்த்தியைக் காட்டுவதற்கு அதுதான் நல்ல வழி. தனித்து நிற்கும் சில புள்ளிகளே செய்தி என்றால் மட்டும் என் வழிக்கு வாருங்கள். நிறம் விரிடிஸ் என்ற நிறவரிசையாக இருக்கட்டும், வானவில் வேண்டாம்.

கேள்வி: பைதான் மொழியின் வரைபடத் தொகுப்பான மேட்பிளாட்லிப்பில் எப்படி?

பதில்: பைதான் ஆட்களைக் கேளுங்கள். பிக்சலை டிபிஐயால் வகுத்தால் அங்குலம் என்ற கணக்கு மட்டும் அங்கேயும் அதேதான்.

கேள்வி: பழைய படத்தின் டிபிஐயைக் கூட்ட...

பதில்: மூன்றாம் பதில்.

கேள்வி: கோப்பு உருவாகிறது, திறந்தால் படமே இல்லை.

பதில்: கடைசியில் கோப்பை மூடும் டெவ் ஆஃப் கட்டளையைப் போட்டீர்களா?