குறுக்காணிக்கு எந்தக் கம்பி? மசில்லோடர் கட்டை செய்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கருமருந்தைக் குழலின் வாய்வழியாக இடித்துச் சுடும் மசில்லோடர் துப்பாக்கிகளுக்குக் கையால் மரக்கட்டை இழைக்கும் நண்பர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த முறை ஒரே பொருளைப் பற்றியவை. குழலைக் கட்டையோடு பிடித்துவைக்கும் சிறு கம்பிகள்தான் அந்தப் பொருள். பட்டறையில் இவற்றை 'பின்' என்போம். எழுத்தில் அது 'பிறகு' என்று படிக்கப்பட்டுக் குழப்புவதால், இங்கே குறுக்காணி என்றே எழுதுகிறேன். குழலின் அடியில் பொருத்தி, ஆணி நுழையத் துளையிட்ட சிறு இரும்புத் துண்டைக் காது என்கிறேன்.

42 அங்குலக் குழல், .50 காலிபர். சுடும்போது ஏற்படும் உதையை இந்த ஊசி மாதிரியான ஆணிகள் தாங்குமா? கடினப்படுத்திய எஃகு போட வேண்டுமா?

உதையைத் தாங்குவது அவற்றின் வேலையே இல்லை. குழல் பின்னோக்கித் தள்ளும்போது அதன் அடிமுகம், அதாவது பிரீச், கட்டையில் செதுக்கிய தோளில் போய் முட்டி நிற்க வேண்டும். பிரீச்சிலிருந்து பின்னால் நீளும் உலோக நாக்கை வால் என்போம்; அந்த வாலை இறுக்கும் திருகாணி அதை அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்கிறது. முன்கட்டையும் குழலும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே குறுக்காணியின் பொறுப்பு.

பிரீச்சுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு முடி அளவு இடைவெளி இருந்தாலும் கதை மாறிவிடும். ஒவ்வொரு முறை சுடும்போதும் குழல் அந்த இடைவெளியைக் கடந்து பின்னால் போகும், ஆணிகள் வளையும், துளைகள் முட்டை வடிவாகும், கடைசியில் வாலுக்குப் பின்னால் மரம் பிளக்கும். பிரீச் முகத்தில் விளக்குக் கரியைப் பூசிக் குழலை இறக்கி எடுங்கள். தோளில் கரி முழுவதும் பதிய வேண்டும். ஒரு மூலையில் மட்டும் பொட்டு வைத்தாற்போல் பதிந்தால் இன்னும் செதுக்கல் வேலை பாக்கி இருக்கிறது. ஆணி வளைந்துவிட்டது என்று எழுதியிருந்த மூன்று பேரும் முதலில் இதைச் செய்து பாருங்கள். கடினமான ஆணி போட்டால் நோய் மறையும், தீராது.

பிறகு எந்தக் கம்பிதான் நல்லது? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

என் கை போவது சாதாரண மென் எஃகுக் கம்பிக்குத்தான். பழைய கைவினைஞர்களும் இழுத்து மெலிதாக்கிய இரும்புக் கம்பியைத்தான் போட்டார்கள். இழுவிசையில் சிறந்தது எது என்று அவர்கள் தேடவில்லை. ஒருநாள் ஏதாவது ஒன்று கெட்டே ஆக வேண்டும் என்றால் அது ஆணியாக இருக்கட்டும், மரமாக இருக்கக் கூடாது. வளைந்த ஆணியைத் தட்டி எடுத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வேறொன்று வெட்டிவிடலாம். பிளந்த முன்கட்டைக்கு அப்படி மாற்று கிடையாது.

எளிதில் கிடைப்பது டிக் வெல்டிங்குக்கான நிரப்புக் கம்பி. 1.6, 2.0, 2.4 மி.மீ. தடிமன்களில், நேராக, நீளத் துண்டுகளாகவே வருகிறது. துரு பிடிக்காமல் இருக்கச் செம்புப் பூச்சு இருக்கும். உப்புத்தாளில் உருட்டித் தேய்த்தால் போய்விடும். தேய்க்காமல் விட்டால் கட்டையின் பக்கவாட்டில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும், பார்க்கச் சகிக்காது.

கம்பி ஆணியையும் பயன்படுத்தலாம். தலையையும் கூரையும் நறுக்கிவிட வேண்டும். தலைக்குக் கீழே பிடிப்புக்காக அழுத்திய வரிகள் இருக்குமே, அந்தப் பகுதியையும் சேர்த்துத் தள்ளுங்கள், அது மரத்தில் அரம் போல வேலை செய்யும். துத்தநாகம் பூசிய ஆணி வேண்டாம். பூச்சு சீராக இருக்காது, தட்டும்போது உரிந்து துளைக்குள் தங்கும்.

சில்வர் ஸ்டீல் கம்பி துல்லியமாகச் சாணை பிடித்து வருவதால் பொருத்தம் அழகாக அமையும். பெயரில்தான் வெள்ளி, உண்மையில் கார்பன் எஃகு. கடையில் கிடைக்கும் மென்மையான நிலையிலேயே போடுங்கள், சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்திக் கடினப்படுத்த வேண்டாம்.

பியானோ கம்பிக்கு ரசிகர்கள் அதிகம். குற்றமில்லை, நானும் போட்டிருக்கிறேன். ஆனால் அது கட்டிங் பிளேயரின் வாயில் பல் பதித்துவிடும், வெட்டிய முனை உளி போலக் கூராக நிற்கும். அந்த முனையோடு துளைக்குள் தட்டினால் துளைச் சுவரைச் சீவிக்கொண்டே போகும். அடுத்த முறை ஆணி தானாகவே கழன்று விழும். சாணைக்கல்லில் முனையை உருண்டையாக்க முடிந்தவர்கள் போடலாம்.

துருவே வேண்டாம் என்று பித்தளை போட்டிருக்கிறேன். சரிதானே?

பித்தளை துருப்பிடிக்காது, அதன் பக்கத்தில் இருக்கும் இரும்புதான் பிடிக்கும். இரு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு முதலில் அரிபடும். கருமருந்துக் கரியில் பொட்டாசியம் உப்புகள் இருக்கின்றன, அவை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குழலைத் தண்ணீர் விட்டுக் கழுவும்போது அந்த உப்புநீர் எங்கே வடிகிறது என்று யோசித்துப் பாருங்கள். கட்டையின் பள்ளத்துக்குள், நேராகக் காதுகளின் மேல்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பித்தளை மென்மையானது, துளை சற்றுக் கோணலாக இருந்தால் தட்டும்போது முனை காளானைப் போல விரியும். விரிந்த முனை வெளியே வரும்போது மரச் செதிலையும் கூட்டிக்கொண்டு வரும். எவர்சில்வர் வெல்டிங் கம்பி இதற்கு எவ்வளவோ மேல். அதன் பளபளப்பு உறுத்தாது என்றால் தாராளமாகப் போடுங்கள். என்னைக் கேட்டால், மென் எஃகில் தேன்மெழுகைத் தடவிச் செருகினால் போதும். துளையின் உள்சுவரிலும் குழல் பள்ளத்திலும் வார்னிஷோ எண்ணெயோ காட்டி ஈரம் இறங்காமல் செய்வது ஆணியின் உலோகத்தை மாற்றுவதைவிடப் பலன் தரும். வால்நட் மரத்துக்கு இது இன்னும் முக்கியம். அதிலுள்ள டானின், ஈர இரும்போடு சேர்ந்தால் ஆணியைச் சுற்றி மைக்கறை படரும்.

எத்தனை மி.மீ. தடிமன் போடுவது? 2.4 போட்டால் உறுதியாக இருக்காதா?

அளவை முடிவு செய்வது குழலும், மருந்தையும் குண்டையும் உள்ளே இடித்து இறக்கும் இடிகோலும்தான். குழல் பள்ளத்துக்கும் அதற்குக் கீழே இடிகோல் ஓடும் வழிக்கும் நடுவே உள்ள மரம் முன்கட்டையில் 3 மி.மீ. ஒட்டித்தான் இருக்கும். ஆணி அந்த மெல்லிய சுவருக்குள்தான் போகிறது. 1.6 மி.மீ. ஆணி நடுவில் போனால் மேலும் கீழும் தலா 0.7 மி.மீ. மரம் மிஞ்சும். 2.4 போட்டால் தலா 0.3, அதாவது அட்டையின் தடிமன். துரப்பணம் இம்மியளவு இறங்கினாலும் இடிகோல் வழிக்குள் எட்டிப் பார்க்கும், பிறகு இடிகோல் ஒவ்வொரு முறையும் அந்த ஆணியில் இடித்து நிற்கும்.

மெல்லிய நீள ரைபிளுக்கு 1.6 மி.மீ. (1/16 அங்குலம்), சற்றுக் கனமானவற்றுக்கு 2 மி.மீ. (5/64 அங்குலம்). இதற்கு மேல் போக எனக்குக் காரணம் தெரியவில்லை. தொடங்கும்போது சிறியதே நல்லது, துளை தேய்ந்தால் அடுத்த அளவுக்கு ஏற இடம் இருக்கும்.

வெயிலில் நிறையச் சுட்ட பிறகு ஆணிகள் வில்லாக வளைந்திருந்தன. கரிப் பரிசோதனையில் பிரீச் சரியாகவே முட்டுகிறது.

காதில் வட்டத் துளை போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் முதல் ரைபிளில் நானும் அதையே செய்தேன். முன்னால் இருந்த ஆணியை உருவியபோது நகத்துண்டு மாதிரி வளைந்து வந்தது.

கணக்கு எளிது. எஃகு ஒரு டிகிரி செல்சியசுக்கு, ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.012 மி.மீ. நீளும். 42 அங்குலக் குழல் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும். அது 50 டிகிரி சூடேறினால் 0.6 மி.மீ.க்கு மேல் நீள்கிறது. மரம் நாரோட்டத்தின் போக்கில் அதிகம் நீளாது என்றாலும், ஈரத்துக்கு ஏற்ப அதுவும் கொஞ்சம் அசையும். அலை அலையாக நார் ஓடும் மேப்பிளில் அந்த அசைவு இன்னும் கூடும். பிரீச் அசையாமல் நிற்பதால் இந்த நீட்சி முழுவதும் குழல் வாய்ப் பக்கம்தான் சேரும். ஆகவே காதுத் துளையைக் குழலின் நீளவாக்கில் நீள்துளையாக அராவ வேண்டும். முன்பக்கக் காதில் ஆணிக்கு இருபுறமும் 1.5 மி.மீ., பிரீச்சுக்கு அருகில் உள்ளதில் அதில் பாதி. மேல்கீழ்ப் போக்கில் மட்டும் ஆடவே கூடாது, அங்கே ஆடினால் குழல் பள்ளத்தில் கடகடக்கும். ஆகவே நகைத் தொழிலாளரின் சிற்றரத்தை எடுத்துக்கொண்டு, முன்னும் பின்னும் மட்டும் அராவுங்கள். நீள்துளை இல்லாத ரைபிளில் குழல் சூடாகச் சூடாக முன்கட்டை இழுபட்டு, குண்டு படும் இடமே நகர்ந்துபோகும். ஆணி வளைவது அதில் சின்ன நஷ்டம்.

துளை மறுபக்கம் 2 மி.மீ. தள்ளி வெளிவந்துவிட்டது.

மெல்லிய டிரில் பிட் மரத்தில் நேராகப் போகாது, மென்மையான நாரைத் தேடிக்கொண்டு போகும். பக்கங்களை உருட்டுவதற்கு முன், கட்டை இன்னும் சதுரமாக இருக்கும்போதே துளையிடுங்கள். குழலைப் பள்ளத்தில் காதுகளோடு இறுக்கிவைத்து, டிரில் ஸ்டாண்டில், கூர் கெடாத பிட்டால், அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிட்டு இறக்க வேண்டும். அவசரப்பட்டு அழுத்தினால்தான் பிட் வளைகிறது. துளை காதைக் கடந்ததும் குழலை எடுத்து, பிறகே நீள்துளை அராவுவது. தவறிய துளையில் அதே மரத்தில் சீவிய குச்சியைப் பசையிட்டு அடைத்து, காய்ந்ததும் மறுபடி துளைக்கலாம். குச்சியின் நாரும் கட்டையின் நாரோட்டத்திலேயே போனால் கண்ணுக்குத் தெரியாது.

ஸ்பிரிங் பின் (பிளவுபட்ட குழாய் போன்றது) போடலாமா?

வேண்டாம். அதன் விளிம்பு மரத்தைக் கடிக்கும், உள்ளே உப்புநீர் தங்கும்.

ஆணிகள் தளர்ந்துவிட்டன. கையால் தள்ளினாலே வந்துவிடுகின்றன.

எத்தனை முறை கழற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சுத்தம் செய்ய ஒவ்வொரு முறையும் கழற்றியிருப்பீர்கள் என்பது என் ஊகம். ஆணி போட்ட துப்பாக்கியை ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் பிரிக்கத் தேவையே இல்லை. தீத்துளையை (மருந்துக்குத் தீ நுழையும் சிறு துளை) அடைத்து, குழலைக் கட்டையிலேயே வைத்துக் கழுவலாம்.

இப்போதைக்கு ஆணியை இரண்டு அரங்களுக்கு நடுவே வைத்து உருட்டுங்கள். மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பாகிப் பிடிப்பு வரும். துளைக்குள் ஒரு துளி மெல்லிய சூப்பர் குளூ விட்டு, முழுவதும் காய்ந்த பிறகு ஆணியைச் செருகுவதும் உதவும். காய்வதற்கு முன் செருகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆணியை லேசாக வளைத்துச் செருகும் பழைய வழியும் உண்டு, எனக்கு அது பிடிக்காது. துளைச் சுவரை எப்போதும் ஒரே பக்கமாக நெருக்கிக்கொண்டே இருக்கும்.

தாத்தா காலத்துத் துப்பாக்கி. குறுக்காணிகள் துருவில் இறுகிவிட்டன. சூடு காட்டலாமா?

காட்டலாம், ஆனால் அதற்கு முன் ஒரு வேலை. இடிகோலைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாய் விளிம்பில் விரலால் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். கோலின் நுனி தீத்துளை வரை எட்ட வேண்டும். இரண்டு மூன்று விரல்கடை முன்னாலேயே நின்றால் உள்ளே பழைய மருந்தும் குண்டும் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மசில்லோடர்கள் மருந்தும் குண்டும் ஏற்றியபடியே பல தலைமுறை சுவரில் தொங்கியது உண்டு, உலர்ந்த கருமருந்து வயதானால் சாவதில்லை. அப்படியிருந்தால் சூடும் வேண்டாம் சுத்தியும் வேண்டாம், அனுபவமுள்ள துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுத்துவிடுங்கள்.

காலி என்று உறுதியானால், ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோலின் நுனியை ஆணியின் முனையில் ஒரு நிமிடம் வையுங்கள். சூடு கம்பி வழியே ஓடி, பழைய வார்னிஷும் துருவும் பிடி விடும். பிறகு ஆணியைவிடச் சற்று மெல்லிய, முனையில் சிறு குழியுள்ள பஞ்ச் (ஆணியைத் தட்டி வெளியேற்றும் எஃகுக் கோல்) வைத்துத் தட்டுங்கள். குழி இருந்தால்தான் பஞ்ச் வழுக்கி மரத்தில் இறங்காது.

ஆணிக்குப் பதில் ஆப்பு வைத்தால் என்ன?

தட்டையான ஆப்பை உருவுவது எளிது, துளையும் அவ்வளவு தேயாது. செயின்ட் லூயிசில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் செய்த அரைக்கட்டை ரைபிள்களில் (மரம் குழலின் பாதி நீளம் வரைதான் வரும்) ஆப்புதான். வாலில் கொக்கியாக மாட்டிக்கொள்ளும் கொக்கி பிரீச்சோடு சேரும்போது குழலைச் சட்டென்று தூக்கிவிடலாம். ஆனால் மெல்லிய முழுக்கட்டையில் ஆப்புக்கு அகலமான வெட்டு வேண்டும், அதைச் சுற்றி உலோகத் தகடும் வேண்டும், பென்சில்வேனியா பாணி நீள ரைபிளின் ஒடிசல் அழகு போய்விடும். படைத் துப்பாக்கிகளில் பிரிட்டனின் பிரவுன் பெஸ் ஆணிகளோடும் பிரான்சின் ஷார்ல்வில் உலோகப் பட்டைகளோடும் பல காலம் ஓடின. இரண்டும் சுட்டன.

ஆணியின் நீளம் கட்டையோடு சமமாக இருக்க வேண்டுமா?

இருபுறமும் 0.3 மி.மீ. அளவு உள்ளடங்கி இருக்கட்டும், முனைகளை உருட்டிவிடுங்கள். முன்கட்டையின் அகலம் இடத்துக்கு இடம் மாறுவதால் ஒவ்வோர் ஆணியும் வேறு நீளம். ஒரு மரத்துண்டில் துளைகள் போட்டு, பிரீச்சிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதி, கழற்றும் வரிசையில் செருகி வையுங்கள். எந்தப் பக்கமிருந்து தட்டி எடுத்தீர்களோ அதையும் ஓர் அம்புக்குறியாக அதிலேயே கீறிக்கொள்ளுங்கள்.