தகவல் அறிவியலுக்கு அடித்தளம் ஒன்றா, பலவா?

கேள்வி: கணிதம், இயற்பியல், உயிரியல், பொருளியல், நூலகவியல் என எல்லாத் துறைகளும் தகவலைப் பற்றிப் பேசுகின்றன. இவற்றுக்கெல்லாம் பொதுவான அடித்தளம் ஏதாவது இருக்கிறதா?

பொதுவான கணக்கு இருக்கிறது, பொதுவான அடித்தளம் இல்லை என்பது என் பதில். நான் இயற்பியல் படித்துவிட்டு நூலக அறிவியலுக்கு வந்தவன். முதல் துறையில் கற்ற சூத்திரம் இரண்டாவது துறையிலும் அப்படியே எதிர்ப்பட்டபோது, இரண்டும் ஒன்றுதான் என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். அந்த ஆசையை எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் இந்தக் கேள்வியின் உயிர்நாடி.

முதலில் கணக்கு. 1948இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் பெல் தொலைபேசி நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் எழுதிய கட்டுரையில் அது முழு வடிவம் பெற்றது. வரக்கூடிய செய்திகள் பல. அவற்றுள் ஒன்று வந்து சேர்கிறது. எதிர்பார்த்ததே வந்தால் தகவல் குறைவு, எதிர்பாராதது வந்தால் அதிகம். நிகழ்தகவின் மடக்கையை (லாகரிதம், இங்கே அடிமானம் 2) எடுத்து எதிர்க்குறி இட்டால் அளவு கிடைத்துவிடும். சம வாய்ப்புள்ள இரண்டில் ஒன்று என்றால் ஒரு பிட். செய்திக்கு என்ன பொருள் என்பது பொறியியல் சிக்கலுக்குத் தொடர்பற்றது என்று கட்டுரையின் தொடக்கத்திலேயே அவர் ஒதுக்கிவிடுகிறார். பலர் இதை ஒரு குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் அந்தக் கட்டுரையின் பெரிய துணிச்சலாகப் படுகிறது. பொருளைக் கழற்றி வைத்ததால்தான் தந்தி, குரல், படம் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளக்க முடிந்தது.

இயற்பியல் இந்தக் கணக்கை எளிதாக ஏற்றுக்கொண்டது. ஒழுங்கின்மையின் அளவான என்ட்ரோபிக்கு, இயற்பியலாளர் போல்ட்ஸ்மான் வழியில் வந்த சூத்திரத்துக்கும் இதே உருவம்தான். 1961இல் இயற்பியலாளர் ரால்ஃப் லாண்டவர் இன்னும் ஒரு படி போனார்: ஒரு பிட்டை அழித்தால் குறைந்தது இவ்வளவு வெப்பமாவது வெளியேறியே தீரும் என்று ஓர் எல்லையை வகுத்தார். அறை வெப்பநிலையில் அது ஏறத்தாழ 3×10⁻²¹ ஜூல். 2012இல் சோதனைச்சாலையில் இதை அளந்தும் காட்டிவிட்டார்கள். ஆனால், அழிக்கப்பட்டது காதல் கடிதத்தின் பிட்டா, வெறும் இரைச்சலா என்று வெப்பம் கேட்பதில்லை.

உயிரியலுக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. டி.என்.ஏ.வில் எழுத்துகள் நான்கு. எனவே ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் இரண்டு பிட். மூன்று எழுத்து சேர்ந்து ஒரு குறிச்சொல். குறிச்சொற்கள் 64, அவை குறிக்க வேண்டிய, புரதங்களின் கட்டுமானக் கற்களான அமினோ அமிலங்களோ 20. முதல் இரண்டு எழுத்தும் நான்கில் ஒன்றான குவானைனாக இருந்தால், மூன்றாவது எழுத்து நான்கில் எதுவானாலும் கிடைப்பது கிளைசின் என்ற அமினோ அமிலம்தான். அந்த மூன்றாவது எழுத்தை உற்றுப் பாருங்கள். டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதிக்கு அது இரண்டு பிட். பிழையில்லாமல் படியெடுத்தாக வேண்டும். எந்த அமினோ அமிலம் என்று மட்டும் பார்த்தால் அதே எழுத்து சுழியம். எழுத்து ஒன்றுதான், அது தரும் தகவல் யாருக்கு என்பதைப் பொறுத்து மாறிவிடுகிறது. பிட் கணக்கு இங்கே பொய்க்கவில்லை. எதை எதிலிருந்து பிரித்தறிய வேண்டும் என்பதை உயிரியல் சொன்ன பிறகுதான் அந்தக் கணக்கைத் தொடங்கவே முடிகிறது.

ஷானனுக்கே இது தெளிவாகத் தெரிந்திருந்தது. தம் கோட்பாட்டை உளவியல், உயிரியல், பொருளியல் என்று எல்லாத் துறையினரும் அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்து, 1956இல் ஒரு சிறு குறிப்பில் எச்சரித்தார். கோட்பாட்டின் உண்மையான சாதனைகளை மீறி அதற்கு மதிப்பு ஊதிப் பெரிதாக்கப்படுகிறது என்பது அதன் சாரம். தகவல் அறிவியல் படிக்கும் எவரும் 1948 கட்டுரையோடு சேர்த்து இதையும் படித்தாக வேண்டும் என்பேன்.

பொருளியலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970இல் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையை எடுத்துக்கொண்டார். காரின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனாலேயே நல்ல கார்கள் சந்தையை விட்டு விலகுகின்றன. எத்தனை பிட் என்பது இங்கே முக்கியமல்ல, யார் கையில் இருக்கிறது என்பதே முக்கியம்.

நூலகவியல் ஷானனுக்கு முன்பே வேறொரு வாசலால் நுழைந்துவிட்டது. எஸ்.ஆர்.ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து நூலகரானவர். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டு: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். தகவலை நூலுக்குள்ளும் வைக்காமல் வாசகருக்குள்ளும் வைக்காமல், இருவருக்கும் இடையிலான உறவில் வைத்த பார்வை இது. 1951இல் பிரெஞ்சு நூலகர் சுசான் பிரியே இன்னும் ஆழமாகப் போனார். காட்டில் ஓடும் ஒரு மான் ஆவணம் அல்ல. அதையே பிடித்து வந்து, வகைப்படுத்தி, ஆய்வுப் பொருளாக்கினால் ஆவணம் ஆகிவிடுகிறது என்றார். மான் மாறவில்லை. அது எதற்குச் சான்றாக நிறுத்தப்படுகிறது என்பது மாறியிருக்கிறது.

ஷானனின் கணக்கு, நூலகவியலின் உறவுப் பார்வை என்ற இந்த இரண்டு வழிகளும் தொட்டுக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வரலாறும் தத்துவமும் படித்து, மொழியைக் கணினியில் ஆராய வந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஒரு சொல் எவ்வளவு குறைவான ஆவணங்களில் வருகிறதோ, தேடலில் அதற்கு அவ்வளவு எடை கொடுக்க வேண்டும். இன்று பரவலாக வழங்கும் வடிவில் போட்டுப் பார்ப்போம்: மொத்த ஆவணங்களைச் சொல் வரும் ஆவணங்களால் வகுத்து, அடிமானம் 2 கொண்ட மடக்கையை எடுத்தால் எடை. மொத்தம் 1,024 மருத்துவக் கட்டுரைகள். ‘ஒரு’ என்ற சொல் எல்லாவற்றிலும் வருகிறது: எடை 0. ‘நோயாளி’ 512இல் வருகிறது: எடை 1. ‘மலேரியா’ 16இல்: எடை 6. ‘ஆர்ட்டிமிசினின்’ என்ற மலேரியா மருந்தின் பெயர் ஒன்றே ஒன்றில்: எடை 10. ஷானனின் மடக்கைதான் அச்சு அசலாக இங்கே உட்கார்ந்திருக்கிறது. தேடுபொறிகளின் வளர்ச்சியில் இந்தச் சிறிய கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்படியானால் நூலகவியலும் ஷானன் அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது என்று சொல்லிவிடலாமா? முடியாது. இந்த எடையை ஷானன் கோட்பாட்டிலிருந்து நேரடியாக வருவிக்க முயன்றால் தர்க்கம் இடறுகிறது என்று தேடல் முறைகளை ஆராய்ந்த ஸ்டீபன் ராபர்ட்சன் 2004இல் விளக்கியிருக்கிறார். ஸ்பார்க் ஜோன்ஸ் சோதனையில் பலன் தருவதைக் காட்டித்தான் அதை முன்வைத்தார். மேலும் ‘மலேரியா மருந்து’ என்று ஒரு மருத்துவர் தேடலாம், மருத்துவ வரலாறு எழுதுபவர் தேடலாம். சொல் ஒன்று, எடை ஒன்று, வேண்டிய கட்டுரைகள் வேறு வேறு.

எனவே ஆவணங்களில் தேடி எடுப்பதை ஆராயும் தகவல் மீட்டெடுப்புத் துறை தன் அளவுகோலை மனிதரிடமிருந்து பெற வேண்டியிருந்தது. 1960களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் நூலகர் சிரில் கிளெவர்டன் நடத்திய சோதனைகள் அதற்கு வழி வகுத்தன: கேள்விகளைத் தொகுப்பது, ஒவ்வொரு கேள்விக்கும் எந்தக் கட்டுரை பொருந்தும் என்று மனிதர்களைத் தீர்ப்பளிக்கச் செய்வது, பிறகு பொருந்துவதில் எத்தனை கிடைத்தது, கிடைத்ததில் எத்தனை பொருந்துகிறது என்று எண்ணுவது. 1992இல் அமெரிக்காவில் தொடங்கிய, தேடல் முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் டிரெக் (TREC) மதிப்பீடுகளும் இதே வழியில்தான் போகின்றன. அங்கே ஒரு வியப்பான உண்மை தெரியவந்தது. ஒரே கேள்விக்கு எது பொருத்தம் என்பதில் மதிப்பீட்டாளர்கள் கணிசமாக வேறுபடுகிறார்கள். ஆனால் ஒருவருடைய தீர்ப்புக்குப் பதில் இன்னொருவருடையதை வைத்து எண்ணினாலும், எந்தத் தேடல் முறை எதைவிடச் சிறந்தது என்ற வரிசை பெரும்பாலும் அப்படியே நிற்கிறது என்று 1990களின் இறுதியில் எலன் வூர்ஹீஸ் காட்டினார்.